ஒன்லைன் கடைப் படங்களில் வரும் பிழைகளும் திருத்தும் வழிகளும்

வெள்ளவத்தையில் சேலைக்கடைக்குப் போகிறவர்கள், பிடித்த சேலையைக் கடை வாசல்வரை கொண்டுவந்து காலி வீதி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார்கள். ஒன்லைனில் வாங்குகிறவருக்கு அந்த வாசல் கிடையாது. நீங்கள் எடுத்த படம் மட்டுந்தான் அவர் கையில் இருக்கிறது. ஆகவே படத் தொகுப்பு முதலில் நம்பக்கூடியதாக இருக்க வேண்டும், அலங்காரம் அதற்குப் பிறகு. கீழே சொல்லும் திருத்தங்கள் எல்லாம் இந்த எண்ணத்தை வைத்து எழுதியவை.

படங்களை எடுத்துப் பக்கத்தில் ஏற்றிவிட்டு, ஏதோ சரியில்லை என்று தெரிந்தும் எதனால் என்று பிடிபடாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் படத்தில் தெரியும் அறிகுறியைத் தேடி அங்கிருந்து தொடங்குங்கள். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி எடுத்துப் பாருங்கள். யன்னல், மின்குமிழ், கமரா அமைப்பு மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், படம் சரிவந்தாலும் எதனால் சரிவந்தது என்று தெரியாது. அடுத்த சரக்கு வரும்போது திரும்பவும் முதலிலிருந்து தேட வேண்டிவரும்.

புதுக் கமரா வாங்குவதைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம். நடுத்தர விலைப் போன் ஒன்றும் டிரைபொட் ஒன்றும் இருந்தால் போதும். பிழைகளில் பெரும்பகுதி வெளிச்சத்திலும் ஒழுங்கிலுந்தான் இருக்கிறது.

படத்தில் ஒரு நிறம், பார்சலைத் திறந்தால் வேறு நிறம்

இதிலிருந்து தொடங்குவதற்குக் காரணம், விற்பவருக்கு அதிக நட்டம் தருவது இந்தப் பிழைதான். கொழும்பில் நிறையப் பேர் பொருள் வாசலுக்கு வந்த பிறகு காசு கொடுக்கும் முறையில்தான் ஓர்டர் செய்கிறார்கள். நிறம் பிழைத்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். போன டெலிவரிச் செலவும் திரும்பி வரும் செலவும் உங்கள் தலையில் விழும்.

முதலில் ஒரு சோதனை. பொருளுக்குப் பக்கத்தில் வெள்ளை ஏ4 தாள் ஒன்றை வைத்து, பில்டர் எதுவும் போடாமல் ஒரு படம் எடுங்கள். பிறகு பொருளை விட்டுவிட்டுத் தாளை மட்டும் பாருங்கள்.

தாளின் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் தெரிந்தால், இரண்டு விதமான வெளிச்சம் கலந்திருக்கிறது. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் அளப்பார்கள், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். யன்னல் வழியாக வரும் பகல் வெளிச்சம் ஏறத்தாழ 5500 கெல்வின், மேகமான நாளில் அதற்கும் மேலே. வீட்டில் எரியும் மஞ்சள் மின்குமிழ் 3000 கெல்வின் அளவில் இருக்கும். கமராவால் ஒன்றுக்கு ஏற்றபடிதான் நிறத்தைச் சரிக்கட்ட முடியும். மற்றது பிழைத்தே தீரும். அறை விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு யன்னலை மட்டும் நம்புங்கள். இல்லையென்றால் யன்னலை முழுதாக மறைத்து, ஒரே வகை மின்குமிழில் எடுங்கள். பக்கத்து அறையிலிருந்து கதவு வழியாக வரும் வெளிச்சத்தையும் மறக்க வேண்டாம்.

தாள் முழுவதும் ஒரே சாயலில் மஞ்சளாகவோ நீலமாகவோ இருந்தால், வைட் பலன்ஸ்தான் காரணம், அதாவது வெள்ளையை வெள்ளையாகக் காட்டக் கமரா செய்யும் நிறச் சரிக்கட்டல். தானியங்கி முறையில் விட்டால், கமரா தான் பார்க்கும் காட்சியைச் சராசரியாக்கப் பார்க்கும். அரக்குச் சிவப்புக் கூறைச் சேலை ஒன்று படம் முழுவதையும் நிறைத்தால், சிவப்பு அதிகம் என்று நினைத்து எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். அடுத்து பச்சைச் சேலை வந்தால் வேறு பக்கம் தள்ளும். அதனால்தான் ஒரே மேசையில் ஒரே மணிநேரத்தில் எடுத்த படங்களும் ஒன்றோடொன்று ஒத்துவருவதில்லை. அன்ட்ரோயிட் போன்கள் பலவற்றில் ப்ரோ முறை என்று ஒன்று இருக்கும். அதில் வைட் பலன்ஸ் எண்ணை நீங்களே கொடுத்துப் பூட்டிவிடலாம். ஐபோனின் சொந்தக் கமராவில் அந்த வசதி இல்லை, அதற்கு இடம் தரும் வேறு கமராச் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். சாம்பல் நிற அட்டை ஒன்று வாங்கி ஒவ்வொரு தொகுப்பின் முதல் படத்திலும் வைத்தால், பிறகு எடிட் செய்யும்போது வைட் பலன்ஸ் கருவியால் அந்த அட்டையை ஒரு தடவை தொட்டாலே நிறம் நேராகிவிடும்.

தாள் வெள்ளையாக இருந்தும் பொருளின் நிறம் பிழையா? அப்படியென்றால் சுவரைப் பாருங்கள். கொழும்புத் தொடர்மாடி வீடுகளில் இளம்பச்சை, பீச் நிறச் சுவர்கள் நிறைய. யன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்து, சுவர்ப்பக்கமாக இருக்கும் பாதித் துணிக்குச் சாயம் ஏற்றிவிடும். ரெஜிபோம் பலகை ஒன்றையோ வெள்ளை பிரிஸ்டல் போர்ட் இரண்டையோ சுவருக்கும் பொருளுக்கும் நடுவில் நிறுத்துங்கள். புறக்கோட்டை மலிபன் வீதியில் உள்ள காகிதாதிக் கடைகளில் இவை மலிவாகவே கிடைக்கும்.

மின்குமிழில் எடுப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மலிவான எல்இடி குமிழ்கள் பலவற்றின் வெளிச்சத்தில் சிவப்புப் பகுதி குறைவு. கண்ணுக்கு வெள்ளையாகத்தான் தெரியும், ஆனால் அந்த வெளிச்சத்தில் மாதுளம்பழச் சிவப்பு மங்கிப் பழுப்பாகும், தோல் நிறம் செத்துப்போகும். குமிழின் பெட்டியில் சிஆர்ஐ என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள், அந்த வெளிச்சம் நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு அது. 80 வீட்டுக்குப் போதும், படத்துக்கு 90க்கு மேல் வேண்டும்.

கத்தரிப்பூ நிறமும் ஊதாவும் தனிக் கதை. பல கமராக்கள் இவற்றை நீலமாகக் காட்டும், எந்த அமைப்பாலும் முழுதாகத் திருத்த முடியாது. சேலையைப் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் விரித்துவைத்து, திரையையும் துணியையும் மாறிமாறிப் பார்த்து, அந்த ஒரு நிறத்தை மட்டும் கையால் நகர்த்துங்கள். இரட்டை வண்ணப் பட்டு என்றால் பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். பார்க்கும் பக்கத்தைப் பொறுத்து நிறம் மாறுவதுதான் அதன் அழகே. அதை ஒரே படத்தில் அடக்கப் பார்க்காமல் இரண்டு கோணத்தில் எடுங்கள், மடிப்பை அசைத்துக் காட்டும் சின்ன வீடியோ ஒன்றும் போடுங்கள், விவரத்தில் இரண்டு நிறத்தையும் எழுதுங்கள்.

கடைசியாக உங்கள் திரை. இரவு நேர மஞ்சள் வெளிச்ச முறை போனில் இயங்கிக்கொண்டிருந்தால் நீங்கள் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் நீலப் பக்கம் பிழைக்கும். அதை அணைத்துவிட்டு, திரை வெளிச்சத்தை நடுவளவில் வைத்து எடிட் செய்யுங்கள். சேமிக்கும்போது எஸ்ஆர்ஜிபி என்ற, பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான நிறவெளியில் சேமியுங்கள். முடித்த படத்தை விலை குறைந்த போன் ஒன்றிலும் திறந்து பாருங்கள், வாங்குகிறவர்களில் பலர் பார்ப்பது அப்படியான போனில்தான்.

தனித்தனியாக அழகு, சேர்த்து வைத்தால் பத்துக் கடைப் படம் போல

தொகுப்பு என்ற சொல்லுக்கே இங்கேதான் அர்த்தம் வருகிறது. வாங்குகிறவர் முதலில் பார்ப்பது ஒரு படத்தை இல்லை, பக்கம் முழுவதையும். பொருள்கள் ஒரே குடும்பமாகத் தெரிந்தால் கடைக்குப் பின்னால் கவனமான ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை வரும்.

காரணத்தைக் கண்டுபிடிக்க, உங்கள் கடைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, விரல் நகம் அளவுக்குப் படங்கள் தெரியும்படி சுருக்கிப் பாருங்கள். எந்தப் படம் கண்ணைக் குத்துகிறது? அது மற்றவற்றைவிடப் பிரகாசமாக இருப்பதாலா, பொருள் பெரிதாக இருப்பதாலா, நிழல் மற்றப் பக்கம் விழுவதாலா, பின்னணி வேறாக இருப்பதாலா? இந்த நான்கில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். நிழல் திசை என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஒரு படத்தில் நிழல் வலப்பக்கம், அடுத்ததில் இடப்பக்கம் என்றால் மற்றதெல்லாம் ஒத்திருந்தாலும் பக்கம் கலைந்தே தெரியும்.

திருத்தம் எடிட்டிங்கில் இல்லை, எடுப்பதற்கு முன் எடுக்கும் முடிவுகளில் இருக்கிறது. மேசையில் பொருள் நிற்க வேண்டிய இடத்துக்கும் தரையில் டிரைபொட் கால்களுக்கும் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். டிரைபொட்டின் உயரத்தை எழுதிவையுங்கள். ஒரே லென்ஸ், ஒரே தூரம். திரையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் போகஸையும் பூட்டுங்கள்.

அப்புறம் எடுக்கும் வரிசை. ஒரு பொருளை முன்னால், பின்னால், கிட்ட, மேலே என்று எல்லாக் கோணத்திலும் எடுத்துவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் பலரின் பழக்கம். ஒவ்வொரு பொருளுக்கும் கமராவை நகர்த்துவதால், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிவிடும். கோணத்தை அசையாமல் வைத்து, எல்லாப் பொருள்களையும் அந்தக் கோணத்தில் எடுத்து முடியுங்கள். பிறகு அடுத்த கோணம். நேரமும் மிச்சம்.

பின்னணியைத் தேர்ந்தெடுக்க, தொகுப்பில் வரப்போகும் பொருள்கள் அத்தனையையும் தரையில் ஒன்றாகப் பரப்பிப் பாருங்கள். எந்த நிறம் அதிகம், எது எங்கும் இல்லை என்று கண்ணுக்குத் தெரியும். பின்னணி அந்த இல்லாத பக்கத்திலிருந்து, அடங்கிய சாயலில் வரட்டும். பனையோலைப் பெட்டிகளும் பாய்களும் விற்கிறவர் மரப்பலகைப் பின்னணி போட்டால் எல்லாம் ஒரே பழுப்பாகிப் பொருள் தொலையும். அதே பெட்டியை மங்கிய நீலச்சாம்பல் துணியில் வைத்தால் ஓலையின் ஒவ்வொரு பின்னலும் எழுந்து நிற்கும். ஒரு தொகுப்புக்கு இரண்டு பின்னணிக்கு மேல் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

மாதங்கள் கழித்துப் புதுச் சரக்கு வரும்போதுதான் பல தொகுப்புகள் உடைகின்றன. இதற்கு ஒரு எளிய ஏற்பாடு உண்டு. முதல் தடவை எடுக்கும்போதே, மேசை, யன்னல், டிரைபொட், பலகைகள் எல்லாம் தெரியும்படி அந்த ஏற்பாட்டையே ஒரு படம் எடுத்து வையுங்கள். பின்னணித் தாளைச் சுருட்டிக் குழாயில் போடுங்கள், மடிக்க வேண்டாம். அடுத்த தடவை பழைய தொகுப்பில் இருந்த பொருள் ஒன்றையே முதலில் வைத்து எடுங்கள். அந்தப் படம் பழைய படத்தோடு ஒத்துவரும்வரை வெளிச்சத்தைச் சரிசெய்துவிட்டுப் புதியவற்றைத் தொடுங்கள்.

காலையில் எடுத்தது மிருதுவாக, பின்னேரம் எடுத்தது கரடாக

வடக்குப் பார்த்த யன்னல்தான் படத்துக்கு நல்லது என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். அது ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் பொருந்தும். கொழும்பு நடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில்தான் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் அது நமக்கு வடக்காகப் போகிறது. ஆகவே ஜூன் மாதத்தில் வடக்கு யன்னலில், முக்கியமாகக் காலையிலும் பின்னேரத்திலும், நேர் வெயில் விழும். அந்த மாதங்களில் தெற்கு யன்னலையும் மற்ற மாதங்களில் வடக்கு யன்னலையும் பாவியுங்கள்.

மரைன் டிரைவ் பக்கம் கடலைப் பார்த்த யன்னல் என்றால் காலைதான் உங்கள் நேரம். திறந்த வானத்தின் வெளிச்சம் நிறைய வரும், வெயில் வராது. மத்தியானத்துக்குப் பிறகு நேர் வெயில், அஸ்தமனத்தை ஒட்டிச் செம்மஞ்சள். கிழக்குப் பார்த்த யன்னலுக்கு இது அப்படியே தலைகீழ்.

நேர் வெயிலைத் தவிர்க்க முடியாவிட்டால் வெள்ளை வேட்டியொன்றை யன்னலுக்குக் குறுக்கே கட்டுங்கள். டிரேசிங் தாளும் சரி. நிழலின் விளிம்பு மிருதுவாகும், யன்னல் கம்பிகளின் வரிவரியான நிழலும் மறையும். சாயம் போட்ட திரைச்சீலை மட்டும் வேண்டாம், அதன் நிறம் பொருளில் ஏறும்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை வழக்கம். முக்கியமான படங்களை மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். தென்மேல் பருவக்காற்றுக் காலத்து மேகம் உண்மையில் நல்ல வெளிச்சம் தரும். ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் கூடிக் குறையும். வெள்ளைத் தாளை இடையிடையே வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டே போங்கள்.

படம் முழுவதும் புகை மூடியது போல மங்கல்

கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள் முதலில் கண்ணாடிகளைத் துடையுங்கள். கடற்காற்றில் வரும் உப்பு யன்னல் கண்ணாடியிலும் லென்ஸிலும் மெல்லிய படலமாகப் படியும். போன் லென்ஸில் விரல் எண்ணெயும் சேரும். மைக்ரோபைபர் துணியால் துடைத்தாலே பாதி மங்கல் போய்விடும். ஏசி அறையிலிருந்து கமராவை வெளியே எடுத்ததும் மங்கினால் அது ஈரப்பதம் குளிர்ந்த லென்ஸில் படிவது. துடைத்துக்கொண்டே இருக்க வேண்டாம், திரும்பத் திரும்ப வரும். கமராவைப் பைக்குள்ளேயே வைத்து அரை மணிநேரம் வெளி வெப்பத்துக்குப் பழகவிடுங்கள். தனிக் கமரா வைத்திருப்பவர்கள் அதைச் சிலிக்கா ஜெல் பொதிகளோடு மூடிய பெட்டியில் வையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால் பிறகு துணியால் தீராது.

இரண்டும் இல்லையென்றால் யன்னல் கமராவுக்கு எதிரே இருக்கிறது. பக்கவாட்டுக்குத் திருப்புங்கள்.

வெள்ளைப் பின்னணி சாம்பலாக வருகிறது

கமரா எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் அளவுக்கு இழுக்கும். வெள்ளையைப் பார்த்தால் இருட்டாக்கும், கறுப்பைப் பார்த்தால் வெளுப்பாக்கும். ஆகவே வெள்ளைக்குக் கூட்டுங்கள், கறுப்புக்குக் குறையுங்கள். எக்ஸ்போசர், அதாவது படத்தின் வெளிச்ச அளவை +0.7 அல்லது +1க்கு ஏற்றினால் வெள்ளை வெள்ளையாகும். பின்னணியைப் பொருளிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, அதற்கும் வெளிச்சம் போகும்படி வைப்பது இன்னும் நல்லது.

அப்படி ஏற்றியதும் வெள்ளைச் சட்டையின் ஓரம் பின்னணியோடு கரைந்துபோனால், சட்டையின் இரண்டு பக்கத்திலும் படத்துக்கு வெளியே கறுப்பு அட்டை நிறுத்துங்கள். ஓரத்தில் மெல்லிய இருண்ட கோடு வந்து வடிவம் திரும்பும்.

பித்தளையிலும் நகையிலும் அறை முழுவதும் தெரிகிறது

செட்டியார் தெருவில் நகை விற்கிறவர்களும், குத்துவிளக்கு, செம்பு விற்கிறவர்களும் அதிகம் அவதிப்படுவது இதில்தான். பளபளப்பான உலோகத்துக்குச் சொந்த நிறம் பாதிதான், மீதி சுற்றியிருப்பதன் பிரதிபலிப்பு. யன்னல் கம்பி, கூரை விசிறி, உங்கள் சிவப்புச் சட்டை எல்லாம் விளக்கின் வயிற்றில் தெரியும். உலோகத்தைத் திருத்த முடியாது, அது பார்ப்பதைத்தான் மாற்ற முடியும். சுற்றிலும் டிரேசிங் தாளாலோ வெள்ளைத் துணியாலோ கூடாரம் போல மறைத்து, வெளிச்சத்தை வெளியிலிருந்து விடுங்கள். கமராவுக்கு மட்டும் ஒரு துளை. கடும் சாம்பல் அல்லது கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு எடுங்கள்.

இப்போது இன்னொரு பிழை வரும்: உலோகம் பிளாஸ்டிக் மாதிரி உயிரில்லாமல் போகும். சுற்றிலும் வெள்ளை மட்டுமே இருப்பதால் வளைவுகள் தெரியாது. கூடாரத்துக்குள் ஒரு பக்கத்தில் விரல் அகலக் கறுப்புத் தாள் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். அதன் இருண்ட கோடு விளக்கின் தண்டில் மேலிருந்து கீழே ஓடும்போதுதான் அது உருண்டை என்று கண் நம்பும். துண்டைச் சற்றுச் சற்றாக நகர்த்திப் பாருங்கள். இந்த ஒரு வேலைக்குப் பொறுமையாக நேரம் கொடுக்கலாம், அவ்வளவு வித்தியாசம் தரும்.

கல் பதித்த நகைக்கு மிருதுவான வெளிச்சம் மட்டும் போதாது, கல் மின்னாது. உலோகத்துக்கு மிருது வெளிச்சம், கல்லுக்குச் சின்ன எல்இடி டோர்ச் ஒன்றின் கூரான வெளிச்சம், இரண்டும் சேர வேண்டும். இரண்டும் ஒரே வெள்ளையாக இருக்கட்டும்.

மிளகாய்த்தூள், ஒடியல் மா போன்ற பொதிகளில் வரும் பளிச்சென்ற வெள்ளைத் திட்டு, பொதியைச் சற்று முன்னால் சாய்த்தாலே பெரும்பாலும் போய்விடும். லென்ஸுக்கு முன்னால் மாட்டி, தெறிக்கும் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் பில்டர் பிளாஸ்டிக்கிலும் கண்ணாடியிலும் வேலை செய்யும். பொலிஷ் செய்த வெறும் உலோகத்தில் பயன் தராது, அதை நம்பி நகைக்காக வாங்க வேண்டாம்.

“படத்தில் உள்ள விளக்கும் சேர்த்தா?”

வாங்குகிறவர்கள் இப்படிக் கேட்கத் தொடங்கினால் அலங்காரம் பொருளை விழுங்கிவிட்டது என்று அர்த்தம். சோதனை சுலபம். படத்தை வீட்டில் ஒருவருக்கு இரண்டு விநாடி காட்டிவிட்டு மறைத்து, இதில் என்ன விற்கிறோம் என்று கேளுங்கள். பதில் தயங்கினால் ஒரு பொருளை எடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள்.

பக்கத்தில் வைக்கும் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு தகவல் சொல்ல வேண்டும்: இது எவ்வளவு பெரிது, எங்கே பாவிப்பது, எதனால் செய்தது. பனையோலைக் கூடைக்குள் கொஞ்சம் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வைத்தால் அளவும் உபயோகமும் ஒன்றாகத் தெரியும். அதே கூடைக்குப் பக்கத்தில் புத்தகமும் மூக்குக் கண்ணாடியும் கோப்பிக் கோப்பையும் வைத்தால் எந்தத் தகவலும் இல்லை, இடந்தான் போகிறது. துணைப் பொருள்களின் நிறம் விற்கும் பொருளின் நிறத்தைவிட அடங்கியதாக இருக்கட்டும். வாழையிலை எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் அதன் பச்சை மேலே தெறித்து வெள்ளைக் கிண்ணத்தின் அடிப்பாகத்தைப் பச்சையாக்கும், வெட்டிக் கொஞ்ச நேரத்தில் ஓரம் சுருளவும் தொடங்கும். கடைசியாக வெட்டி, ஈரத்துணியால் துடைத்து, முதலில் எடுத்து முடியுங்கள்.

கொழும்பில் விற்கும்போது வாங்குகிறவர்கள் பல சமூகத்தவர். ஒரே சல்வார் தொகுதியைத் தீபாவளிக்கு ஒருவர் வாங்குவார், நோன்புப் பெருநாளுக்கு இன்னொருவர், நத்தாருக்கு வேறொருவர். எல்லாப் படத்திலும் குங்குமச் சிமிழும் வெற்றிலையும் இருந்தால் இது தனக்கானதில்லை என்று பாதிப் பேர் கடந்து போவார்கள். அடிப்படைத் தொகுப்பை எந்தப் பண்டிகையும் இல்லாமல் எடுங்கள். அதன் மேல் பண்டிகைக்கென்று இரண்டு மூன்று படம் தனியாக எடுத்து, காலம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். தைப்பொங்கல் பானை வைகாசியிலும் பக்கத்தில் நின்றால் கடை கவனிப்பாரற்றுக் கிடப்பதாகத் தெரியும்.

முதல் படத்தில் அலங்காரமே வேண்டாம். அமேசான் முதன்மைப் படத்துக்குச் சுத்த வெள்ளைப் பின்னணியும், பொருள் சட்டத்தின் 85 வீதத்தை நிரப்புவதும் கட்டாயம் என்று விதித்திருக்கிறது. நீங்கள் அங்கே விற்காவிட்டாலும் அந்த அளவு நல்ல அளவு. அலங்காரம் இரண்டாவது படத்திலிருந்து தொடங்கட்டும்.

பை வளைந்து, போத்தல் தலை பெருத்து

போனின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம். கிட்டப் போனால் முன்னால் இருப்பது பெருக்கும். இரண்டு மடங்கு தூரம் தள்ளி நின்று, 2எக்ஸ் வைத்து எடுங்கள். கமரா பொருளின் நடு உயரத்தில் இருக்க வேண்டும். நகையைக் கிட்ட எடுக்கும்போது சில போன்கள் தாமாகவே அதைவிடவும் அகலமான கோண லென்ஸுக்கு மாறிவிடும். அந்த மாக்ரோ முறையை அமைப்பில் அணைத்துவிட்டு, தூரத்திலிருந்து எடுத்து வெட்டிக்கொள்ளுங்கள்.

பொருள் சிறிதாக வந்துவிட்டது என்று முறைப்பாடு வந்தால் கையில் பிடித்த படம் ஒன்று சேருங்கள், சென்ரிமீற்றர் அளவைப் படத்துக்குக் கீழே எழுதுங்கள்.

இல்லாத கோடுகள்

படத்துக்குக் குறுக்கே இருண்ட பட்டைகள் வந்தால் மின்குமிழின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், குமிழ்கள் விநாடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் வேகத்தை விநாடியில் 50இல் ஒரு பங்கு (1/50) அல்லது 100இல் ஒரு பங்கு (1/100) என்று வையுங்கள். போனில் துடிப்புத் தடுப்பு அமைப்பு இருந்தால் அது 60இல் நிற்கிறதா என்று பார்த்து 50க்கு மாற்றுங்கள்.

கைத்தறிக் கட்டத்திலும் நெருக்கமான நெசவிலும் வானவில் போல அலைகள் தெரிந்தால் அது வேறு. துணியின் இழையும் கமராவின் புள்ளிகளும் மோதுவதால் வருவது. ஒரு சாண் முன்னாலோ பின்னாலோ நகருங்கள், அல்லது கமராவைச் சற்றுத் திருப்புங்கள். திரையில் சுருக்கிப் பார்க்கும்போது மட்டும் தெரிந்தால் படத்தில் பிழை இல்லை.

போனில் கூர்மை, பக்கத்தில் ஏற்றியதும் மங்கல்

படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி, அங்கிருந்து சேமித்து, பிறகு ஏற்றுகிறீர்களா? அப்படியென்றால் இதுதான் காரணம். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கும், ஏற்றும் தளம் மறுபடி சுருக்கும். டொக்கியுமென்டாக அனுப்புங்கள், அல்லது கூகுள் டிரைவில் போட்டு எடுங்கள்.

இன்ஸ்டாகிராமுக்கு 1080 பிக்சல் அகலத்தில், 1350 உயரத்தில் நீங்களே சுருக்கிக் கொடுங்கள். பெரிதாகக் கொடுத்தால் அது தன் விருப்பப்படி சுருக்கும். முன்பு சுயவிவரப் பக்கம் படங்களைச் சதுரமாக வெட்டிக் காட்டியது, 2025 ஜனவரியிலிருந்து உயரமான சட்டமாக மாறியது. பொருளைச் சுற்றி நாலு பக்கமும் தாராளமாக இடம் விட்டு எடுத்திருந்தால் இப்படி எத்தனை மாற்றம் வந்தாலும் மறுபடி எடுக்க வேண்டாம். உங்கள் சொந்தக் கடைத் தளத்துக்கு 2048க்கு 2048 சதுரம் நல்லது, பெரிதாக்கிப் பார்க்க இடமிருக்கும்.

ஐபோன் படம் சில தளங்களில் திறக்கவே மாட்டேன் என்றால், அது ஹெயிக் வகைக் கோப்பு. கமரா அமைப்பில் ஜேபெக்குக்கு மாற்றிவிடுங்கள். வெட்டாத, சுருக்காத மூலப் படங்களை எப்போதும் தனியாக வைத்திருங்கள்.

படம் அருமை, ஆனால் ஓர்டர் வரவில்லை

இந்தியாவிலிருந்து சரக்கு எடுப்பவர்கள் மொத்த வியாபாரி அனுப்பிய படத்தையே போடுவது வழக்கம். அதே படம் இன்னும் பல பக்கங்களில் வேறு வேறு விலையில் இருக்கும். வாங்குகிறவர் கூகுள் லென்ஸில் ஒரு தடவை தேடினால் எல்லாம் வரிசையாக வந்துவிடும். பிறகு உங்களிடம் சரக்கு உண்மையில் இருக்கிறதா என்ற சந்தேகம் எழும். தவிர, அடுத்தவர் எடுத்த படம் அவருடைய ஆக்கம். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படங்களையும் பாதுகாக்கிறது, அனுமதி எழுத்தில் இல்லாவிட்டால் சிக்கல் உங்களுக்குத்தான்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற நேரமில்லாவிட்டால் அதிகம் விசாரிக்கப்படும் பொருள்களிலிருந்து தொடங்குங்கள். மொத்த வியாபாரியின் படத்துக்கு அனுமதி இருந்தால் அது மூன்றாவது இடத்தில் இருக்கட்டும். முதல் இடத்தில் உங்கள் கையில் இருக்கும் அதே துணியை, உங்கள் யன்னல் வெளிச்சத்தில் நீங்கள் எடுத்த படத்தைப் போடுங்கள். இரண்டாவதாக, முந்தானையின் கரையும் நெசவும் தெரியும் கிட்டப் படம். மொத்த வியாபாரி அதைப் பெரும்பாலும் அனுப்பியிருக்க மாட்டார், வாங்குகிறவர் கேட்பதோ அதைத்தான்.